ஞாயிறு காலையும் துவிச்சக்கர வண்டியும்

தரையில் ஓடும் வாகனங்களுள், ஏறியிருப்பவனுடைய உடல்வலுவையே இயந்திரமாகக் கொண்டு ஓடுவது துவிச்சக்கர வண்டி. அதற்குப் புல்லும் வேண்டாம், கொள்ளும் வேண்டாம், பெற்றோலும் வேண்டாம். உண்ட சோறே அதற்கு எரிபொருள். இத்தகைய எளிய ஊர்தி எம்மவர் வீடுகளில் இன்று எங்கே நிற்கின்றது? பெரும்பாலும் கோடியிலே, வேலியோரமாகச் சாய்ந்து, ரயரிற் காற்றின்றி, செயினிற் கறளேறி நிற்கின்றது. அதனை ஒரு ஞாயிறு காலையில் வெளியே எடுத்துத் துடைத்து, காற்றடித்து, குடும்பமாக வீதியில் இறங்குவதால் விளையும் இன்பத்தைப் பற்றியே இவ்வாரம் இப்பகுதியிற் பேச விரும்புகின்றோம்.

“சைக்கிளில் என்ன இன்பம்? கால் உளைவுதானே மிச்சம்!” என்று சிரிக்கும் நேயர்களும் உளர். அவர்கள் சிரிப்பதற்கும் நியாயம் இருக்கின்றது. அந்த நியாயத்தையும் சற்றுப் பின்னர் எடுத்து ஆராய்வோம்.

வண்டி வந்த வரலாறு

1817-ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மான்ஹைம் நகரிலே கார்ல் வொன் டிறைஸ் என்பார், மரத்தாலான இருசில்லு வண்டியொன்றைச் செய்து, அதன்மேல் அமர்ந்து, கால்களால் நிலத்தை உந்தி ஓடிக்காட்டினார். அதற்குப் பெடலும் இல்லை, செயினும் இல்லை. 1885-இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராளி என்பார் ஆக்கிய ‘றோவர்’ வண்டியே, ஏறத்தாழ ஒத்த அளவான இரு சில்லுகளும், செயினாற் சுழலும் பின்சில்லும் கொண்டு, இன்று நாம் ஏறும் வண்டிக்கு மூதாதையாயிற்று. பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொயிட் டன்லொப், தம் மைந்தனின் முச்சில்லு வண்டி கரடுமுரடான பாதையில் அதிர்ந்து ஓடுவதைக் கண்டு, காற்றடைத்த றப்பர் ரயரைச் செய்து 1888-இல் அதற்கு உரிமை பெற்றார். அந்த நாள்தொட்டே வண்டி ஓட்டுதல் எலும்பு நோகும் வித்தையாக இராது, இன்பப் பொழுதுபோக்காகவும் மாறிற்று.

துவிச்சக்கர வண்டிப் பிரயாணிகளுக்கென 1878-இலேயே இங்கிலாந்தில் ஒரு சங்கம் தோன்றிவிட்டது. தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் ஆறு நாள் உழைத்தவர்கள், ஏழாம் நாள் கூட்டங்கூட்டமாக வண்டியேறி நாட்டுப்புறம் சென்று மீண்டனர். அவர்களுக்கு அங்கே வேலை யாதும் இல்லை. செல்வதே வேலை, காண்பதே கூலி.

எமது நாட்டுக்கும் வண்டி வந்தது. நொட்டிங்காம் நகரிலிருந்து வந்த ‘றலி’ வண்டி ஒன்று வீட்டில் நிற்பது ஒருகாலத்தில் பெருமைக்குரிய செய்தி. ஆயினும் அது இங்கே வந்து ஏற்ற வேலை வேறு. வாத்தியாரைப் பள்ளிக்கும், தபாற்காரரைத் தெருத்தெருவாகவும், கமக்காரரைத் தோட்டத்துக்கும், மீன்வியாபாரியைச் சந்திக்கும் அது சுமந்தது. வண்டியின் கரியரும் பாரும் வெறுமையாக இருந்த நாள் அரிது. எனவே எம்மிடத்தில் அது முதலில் ஒரு சுமைதாங்கியாகவே பெயர்பெற்றது.

தேவையின் பாரம்

சிரித்தவர்களின் நியாயம் இங்கேதான் தொடங்குகின்றது. 1990-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் வருதல் தடைப்பட்டது, புகைவண்டியும் நின்றது. அக்காலத்தில் ஊரின் முழுப் பாரமும் துவிச்சக்கர வண்டியின்மேல் ஏறிற்று. விறகும் நெல்மூட்டையும் மரக்கறியும் மாத்திரமா? நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றதும் அதுவே. மின்கலமும் கிடையாத அந்நாளில், வண்டியைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த சிறிதளவு மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர் எம்மவர். 1995 ஒக்டோபர் 30-ஆம் நாள், வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, வண்டி ஏறியோடும் பொருளாக இருக்கவில்லை. எஞ்சிய உடைமைகளை ஏற்றி, சனத்திரளினூடே அடியடியாகத் தள்ளிச்செல்லும் பொருளாகவே அது இருந்தது.

அந்த ஆண்டுகளை அறிந்த ஒருவர், இனி இதில் ஏறவேண்டியதில்லை என்று வண்டியைக் கோடியில் நிறுத்தினால், அவரைக் குறைகூற எவருக்கு உரிமை உண்டு? வாகனம் வாங்க வசதி வந்ததும் பலர் மோட்டார் சைக்கிளுக்கு மாறினர். 2022-இல் நாடெங்கும் எரிபொருளுக்காக வரிசைகள் நீண்டபோது, கோடியில் நின்ற வண்டிகள் மறுபடியும் வீதிக்கு வந்தன. எரிபொருள் வந்ததும் அவற்றுட் பல தம் பழைய இடத்துக்கே திரும்பின. ஆக, எம்மிடத்தில் வண்டி வெளியே வருவதென்றால் ஏதோ கஷ்டகாலம் வந்திருக்கின்றது என்பதே பொருளாகிவிட்டது.

இதுவே எமது கவலை. தேவை துரத்தியபோது ஏறியோர், தேவை தீர்ந்ததும் இறங்கிவிட்டனர். விருப்பத்தோடு ஏறும் பழக்கம் எம்மிடையே வேரூன்றவில்லை. துன்பகாலத்தில் எம்மைச் சுமந்த வண்டியை இன்பகாலத்தில் ஒருநாளேனும் இன்பத்துக்காக ஓட்டினாலன்றி, அதன் முழுமையை நாம் அறிந்தவர்களாகோம்.

கண்ணுக்கேற்ற வேகம்

வண்டியோட்டத்தின் முதலின்பம் அதன் வேகத்தில் உள்ளது. நடந்து செல்பவர் ஒரு மணிநேரத்தில் 5 கிலோமீற்றர் செல்லலாம். அவசரமின்றி உழக்குபவர், அதே அளவான உழைப்பில் 15 கிலோமீற்றர்வரை சென்றுவிடுவார். பஸ்ஸில் இருப்பவருக்கு ஊர்கள் பெயர்ப்பலகைகளாக மாத்திரமே தோன்றி மறைகின்றன. துவிச்சக்கர வண்டியின் வேகமோ ஊரைக் கடப்பதற்கும் போதும். ஊரைக் காண்பதற்கும் போதும். தோட்டத்தில் நீர் பாயும் ஓசை காதில் விழும். ஈரமான செம்மண்ணின் வாசமும், அடுப்பிற் புகையும் பனைமட்டையின் வாசமும் வந்துசேரும். தெரிந்தவர் ஒருவர் படலையில் நின்றால், நின்று நலம் விசாரித்துச் செல்லவும் முடியும்.

உதாரணமாக, யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியை எடுத்துக்கொள்வோம். நீளம் ஏறத்தாழ 34 கிலோமீற்றர்; பழையவர் கணக்கில் 21 கட்டை. நல்லூர் கழிந்து, கல்வியங்காடு தாண்டியதும் இருபாலை வருகின்றது. ஆறுமுக நாவலருக்கு ஆசிரியராய் விளங்கிய சேனாதிராச முதலியாரின் ஊர் அது. அடுத்தது கோப்பாய், அதற்கப்பால் நீர்வேலி. நீர்வேலி என்றதும் வாழைக்குலையையே நினைப்போம். ஆயினும் வடமொழியும் தமிழும் வல்ல சங்கர பண்டிதர் வாழ்ந்த ஊரும் அதுவே. அதன்பின் சிறுப்பிட்டி. 1832-ஆம் ஆண்டில் அவ்வூரிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களே, ஏட்டுச்சுவடியிற் கிடந்த கலித்தொகையை 1887-இல் அச்சிற் பதிப்பித்துத் தமிழுலகுக்குத் தந்தார். பரீட்சைக்காக இப்பெயர்களை மனனம் செய்யும் மாணவர்கள், அப்பெயர்களுக்குரிய மண்ணில் ஒரு காலைப்பொழுது வண்டியோட்டிச் சென்றால், மனனம் செய்யாமலே அவை மனத்தில் நிற்கும். ஒரு மணிநேர உழக்கலுக்குள் இத்தனை புலவர்தம் ஊர்களைக் கடக்கும் வீதி வேறு எங்கே உண்டு?

புத்தூருக்கு அண்மையில் நவக்கிரியில் நிலாவரைக் கேணி உள்ளது. அதன் மேற்பகுதியில் நன்னீரும், ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். சுண்ணாம்புக் கற்பாறையின் குடைவுகளுட் தேங்கும் மழைநீரே எமது கிணறுகளின் உயிர் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க, அக்கேணிக்கரையை விடச் சிறந்த வகுப்பறை வேண்டுமோ?

ஆவரங்கால் கழிந்ததும் வீடுகளும் வேலிகளும் திடீரென ஒழிந்துபோக, கண்ணெட்டுந் தூரம் வெறுவெளி விரியும். அதுவே வல்லை வெளி. தொண்டைமானாற்று நீரேரியின்மேல் அமைந்த பாலத்தைக் கடந்தால் வடமராட்சி. இவ்வெளியிற்றான் வண்டியோட்டத்தின் அடுத்த பாடம் காத்திருக்கின்றது.

மலையில்லா நாட்டின் மலை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு குன்றேனும் இல்லை. அதனால் இங்கே வண்டியோட்டுவது எளிதென்று பிறவூரார் எண்ணலாம். மலையகத்து வண்டிக்காரருக்கு மலை எதுவோ, அதுவே எமக்குக் காற்று. வேற்றுமை ஒன்றுண்டு. மலை நின்ற இடத்தில் நிற்கும். காற்றோ பருவத்துக்கேற்ப இடம் மாறும்.

மே மாதம் முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். ஆண்டிறுதியில் தொடங்கி மாசிவரை வடகிழக்கிலிருந்து வாடை வீசும். பருத்தித்துறை வீதியோ யாழ்ப்பாணத்திலிருந்து வடகிழக்காகச் செல்வது. எனவே சோளகக் காலத்தில் அவ்வழியே செல்லும் புதிய வண்டிக்காரர், காற்று முதுகிற் கைவைத்துத் தள்ளத் தள்ள, “எமக்கு இத்தனை பலமா!” என்று தம்மையே வியந்துகொண்டு பறந்து செல்வர். திரும்பும்போதுதான் வல்லை வெளி உண்மையைச் சொல்லும். வெயிலும் ஏறியிருக்கும், காலும் சோர்ந்திருக்கும், காற்றோ நெஞ்சிலே கைவைத்து நிறுத்தும்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. காற்றில்லா நாளில் மணிக்கு 15 கிலோமீற்றர் செல்லும் ஒருவர், 20 கிலோமீற்றர் தூரத்திலுள்ள ஊருக்குப் போய்வருகின்றார். அவருக்கு 2 மணி 40 நிமிடம் ஆகும். காற்றுள்ள நாளில் போகும்போது மணிக்கு 20 கிலோமீற்றரும், வரும்போது மணிக்கு 10 கிலோமீற்றருமாகச் செல்கின்றார் என்க. கூட்டிய வேகமும் குறைந்த வேகமும் சமமாதலால் நேரமும் அதேதான் என்று பலர் விடை கூறுவர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: போக 1 மணி, வர 2 மணி; மொத்தம் 3 மணி. காற்று கொடுத்ததைவிட எடுத்ததே அதிகம். எதிர்காற்றுக்குள் நாம் செலவிடும் நேரம் நீள்வதே இதற்குக் காரணம்.

இன்னொரு கணக்கும் உண்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வது. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவருக்கு எதிரே காற்றும் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் வீசினால், உடலில் மோதும் காற்றின் வேகம் 30 ஆகின்றது. வேகம் இருமடங்காக, எதிர்ப்போ நான்கு மடங்காகின்றது. எதிர்காற்றில் மூச்சு வாங்குவது உடலின் பலவீனம் அன்று, பெளதிக விதி.

இவற்றிலிருந்து பெறப்படும் விதி ஒன்றே: போகும்போது காற்றை எதிர்த்துச் செல்க, வரும்போது காற்றோடு வருக. புதிய பலத்தோடு கஷ்டத்தை முடித்துக்கொண்டால், களைத்த வேளையில் காற்று உதவிக்கு வரும். வாடைக் காலத்தில் வடமராட்சிப் பக்கமாகச் செல்வது நன்று. சோளகக் காலத்திலோ, கோட்டைக்கு அருகே தொடங்கும் பண்ணைத் தாம்போதி வழியாக மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணைப் பக்கமாகச் செல்லலாம். இருமருங்கும் கடல் விரிய, நீரின் நடுவே வண்டியோட்டும் அனுபவம் அங்கே கிட்டும். வாடைக் காலத்திற் சென்றால், ஆழமற்ற நீரிலே பூநாரைகள் கூட்டமாக நின்று இரைதேடும் காட்சியையும் சிலவேளை காணலாம்.

பிற ஊர் நேயர்களுக்கும் இதே விதி பொருந்தும். மட்டக்களப்பார் வாவிக்கரை வழியே செல்லும்போது, நடுப்பகலின் வெப்பக் கச்சானுக்கு முன்னரே வீடு திரும்புமாறு கணக்கிடவேண்டும். மலையகத்தோர் முதலில் ஏற்றத்தை ஏறி முடித்து, வரும்போது இறக்கத்தில் வருமாறு வழியைத் தேர்ந்துகொள்ளவேண்டும். இறக்கத்தில் இரு பிறேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடித்துவருதல் அவசியம்.

கூட்டத்தின் ஒழுங்கு

தனியே செல்வதில் ஓர் அமைதி உண்டு. குடும்பமாகச் செல்வதிலோ ஒரு கல்வி உண்டு. அக்கல்வியின் முதற்பாடம், கூட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பவர் யார் என்பது. இளங்காளைகள் தாமே என்று எண்ணுவர். அன்று. கூட்டத்தில் மெல்லச் செல்பவர் எவரோ, அவரே தலைவர். எட்டு வயதுத் தங்கையோ, முழங்கால் நோவுடைய பெரியப்பாவோ எவ்வளவு வேகத்தில் உழக்க முடியுமோ, அதுவே அனைவருக்கும் வேகம். முன்னே பாய்ந்து சென்று மரநிழலில் இளைப்பாறிவிட்டு, பின்வந்தவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், “சரி, புறப்படுவோம்” என்று கிளம்புவது அறமன்று. இளைப்பாற வேண்டியவர் எவரோ அவருக்கே இளைப்பாறல் கிட்டாமற் போகின்றதன்றோ?

வழியறிந்த ஒருவர் முன்னே செல்க. வண்டி திருத்த அறிந்த ஒருவர் கடைசியாக வருக. சிறுவர் நடுவே செல்க. எதிர்காற்று வீசும் வெளியில் ஒருவர்பின் ஒருவராகச் செல்லவேண்டும். முன்னே செல்பவர் காற்றைப் பிளந்து கொடுப்பதால் பின்னே வருபவருக்கு உழைப்புக் குறையும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னவர் பின்வாங்க, அடுத்தவர் முன்னே வந்து காற்றை ஏற்றுக்கொள்ளலாம். குடும்பமொன்றின் பாரத்தை அண்ணனும் தம்பியும் மாறிமாறி ஏற்பதுபோன்ற இச்செயலைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை; வல்லை வெளியில் ஒருமுறை சென்றால் பிள்ளைகள் தாமே உணர்ந்துகொள்வர்.

தாய்மாருக்கும் ஒரு சொல்

காலைவேளையில் வெள்ளைச் சீருடையோடு மாணவியர் அணியணியாகத் துவிச்சக்கர வண்டியிற் செல்வது யாழ்ப்பாணத்து வீதிகளின் தனி அழகு. ஆனால் அவர்களுட் பெரும்பாலோர் படிப்பு முடிந்ததும், அல்லது திருமணமானதும், வண்டியைத் தங்கையிடம் கையளித்துவிட்டு, பிறரின் வாகனத்திற் பின்னிருக்கையில் அமர்பவராகிவிடுகின்றனர். இன்று வீட்டில் அடுப்போடு நிற்கும் அம்மாமார் பலர், ஒருகாலத்தில் மழையிலும் வெயிலிலும் வண்டியோட்டிய வீராங்கனைகளே. பிள்ளைகள் அதனை அறியார். ஞாயிறு காலையில் அம்மா வண்டியேறி முன்னே செல்ல, பிள்ளைகள் பின்தொடர்வதைக் காட்டிலும் நல்ல காட்சி எது? அன்று காலைச் சாப்பாட்டை அப்பா ஆயத்தம் செய்யட்டும். அல்லது முதல்நாளே செய்துவைத்த பலகாரத்தைக் கட்டிக்கொண்டு புறப்படலாம். பருத்தித்துறைவரை செல்பவருக்கு அவ்வூர்த் தட்டைவடை கிட்டவே கிட்டும்.

வண்டியும் உடலும்

இனிச் சில நடைமுறைக் குறிப்புகள். வண்டியின் ஆசனம் பலருக்குத் தாழ்வாகவே இருக்கின்றது. முழங்கால் நோவுக்கு அதுவும் ஒரு காரணம். ஆசனத்தில் அமர்ந்து, பெடல் ஆகத் தாழ்ந்த நிலையில் நிற்கும்போது குதிக்காலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கால் மடங்காது நேராக நின்றால் ஆசனத்தின் உயரம் சரி. உழக்கும்போது பாதத்தின் முன்பகுதியாலேயே உழக்கவேண்டும்.

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை நான்கு காரியங்களைக் கவனிக்கவேண்டும்: ரயரிற் காற்று, இரு பிறேக்குகள், செயினில் எண்ணெய், கழன்ற ஆணிகள். காற்றுக் குறைந்த ரயர் உழைப்பை இரட்டிப்பாக்குவதோடு, கல்லில் மோதி ரியூப் வெடிக்கவும் இடந்தரும். ஒட்டுப்போடும் பொருள்களும், சிறிய காற்றுப் பம்பும், ரயர் கழற்றும் நெம்பும் கூட்டத்தில் ஒருவரிடமாவது இருக்கவேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒட்டுப்போடக் கற்றுக்கொள்ளட்டும். பழுதானதைத் தானே திருத்தி ஓடிய பிள்ளை, வாழ்க்கையில் எளிதிற் கலங்காது.

வெயிலே எமது நாட்டில் முதற்பகை. விடியற்காலை ஐந்தரை மணியளவிற் புறப்பட்டு, ஒன்பது ஒன்பதரைக்குள் வீடு சேர்வது நன்று. இருள் பிரியுமுன் செல்வோர் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் பொருத்தவேண்டும். வெளிர்நிற உடை அணிதல் நன்று. தாகம் எடுக்குமுன்பே சிறிது சிறிதாக நீர் அருந்தவேண்டும். வழியில் இளநீர் கிடைத்தால் அதனினும் மேலானதில்லை. வயிறு நிறைய உண்டுவிட்டுப் புறப்படலாகாது. ஒரு வாழைப்பழமும் ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு மணிநேரப் பயணத்துக்குப் போதும். இருதய நோய், மூட்டு நோய் உடையவர்கள் வைத்தியரைக் கேட்டபின்பே தொடங்குக.

வீதியின் இடப்பக்கமாக ஒற்றை வரிசையிற் செல்க. திரும்புமுன் பின்னே பார்த்துக் கையைக் காட்டுக. மோட்டார் சைக்கிள்களும் வான்களும் விரைந்து செல்லும் பெருவீதிகளில் நெடுநேரம் செல்வதைவிட, இயன்றவிடத்தெல்லாம் உள்வீதிகளையும் ஒழுங்கைகளையும் தேர்ந்துகொள்வது நன்று. தலைக்கவசம் அணிதல் வெட்கத்துக்குரியதன்று. தெருநாய் துரத்தினால் பதறி வேகம் கூட்டாமல், கைப்பிடியை உறுதியாகப் பற்றி நேராகச் செல்க. தேவையாயின் இறங்கி, வண்டியை நாய்க்கும் தமக்கும் இடையே பிடித்துக்கொள்க.

ஒரு காலைப்பொழுதைத் தருவோமா?

இத்தனையும் சொன்னபின் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. “எல்லாம் சரி, பிள்ளைக்கு ஞாயிறு காலையில் ரியூசன் இருக்கின்றதே!” என்பர் பெற்றோர். எமது பயணத்தின் பெரிய எதிர்காற்று இதுவே.

இன்றைய பிள்ளைகளும் துவிச்சக்கர வண்டி ஓட்டுகின்றனர். ஆனால் எங்கே? வீட்டிலிருந்து பாடசாலைக்கு, பாடசாலையிலிருந்து ரியூசன் கொட்டிலுக்கு, அங்கிருந்து வீட்டுக்கு. முதுகிற் புத்தகப்பை, மனத்தில் நேரசூசிகை. அவர்கள் அறிந்த ஊர் அந்த முக்கோணம் ஒன்றே. தம் தாய் தந்தையர் விறகும் மூட்டையும் சுமந்து உழக்கினர். பிள்ளைகள் பரீட்சையைச் சுமந்து உழக்குகின்றனர். சுமை மாறியதேயன்றிச் சுமத்தல் மாறவில்லை. எந்தக் காரியமுமின்றி, எவரும் எதிர்பார்த்திராத ஓரிடத்துக்கு, காண்பதற்காக மாத்திரம் செல்லும் பயணம் அவர்களுக்குக் கிடைத்ததே இல்லை.

கல்வி வேண்டாம் என்று எவரும் கூறார். அந்தக் கல்வியே எம்மவரைப் பல துன்பங்களிலிருந்தும் கரையேற்றியது. எனினும் வாரத்தில் உள்ள 168 மணிநேரத்தில் ஒரு நான்கு மணிநேரத்தைப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுத்தால் எந்தப் பரீட்சையும் தவறிவிடாது. தன் ஊரின் கிணற்றுநீர் எங்கிருந்து வருகின்றது, காற்று எத்திசையிலிருந்து எப்போது வீசுகின்றது, அடுத்த ஊரில் என்ன பயிர் விளைகின்றது என்பவற்றைக் காலாலும் மூச்சாலும் அறிந்த பிள்ளை, பின்னொரு நாள் எத்தேசம் சென்று வாழ நேர்ந்தாலும், தான் எந்த மண்ணிலிருந்து வந்தோம் என்பதைக் கேட்டறிய வேண்டியிராது.

துன்பகாலத்து நினைவினால் வண்டியைத் தொட மனமில்லாத பெரியோருக்கும் ஒன்று சொல்வோம். அன்று நீங்கள் எதிர்காற்றில் உழக்கியது, உங்கள் பிள்ளைகள் ஒருநாள் காற்றோடு செல்லவேண்டும் என்பதற்காகவே. அந்நாள் வந்திருக்கின்றது. அவர்களோடு ஒருமுறை ஏறி வாருங்கள். அன்று மூட்டையோடும் மனப்பாரத்தோடும் சென்ற அதே வீதியில் இன்று வெறுங்கரியரோடு செல்லும்போது, வண்டி எவ்வளவு இலகுவானது என்பதை நீங்களே முதன்முறையாக அறிவீர்கள்.

வருகின்ற ஞாயிறு மழையில்லையாயின் தொடங்குங்கள். பருத்தித்துறைவரை செல்லவேண்டியதில்லை, 68 கிலோமீற்றர் போய்வருதல் பழகியவருக்கே உரியது. முதல்வாரம் போக 5, வர 5 கிலோமீற்றர் போதும். அடுத்தவாரம் நீர்வேலி, அதற்கடுத்து வல்லைப் பாலம். புறப்படுமுன் முற்றத்தில் நின்று, வேப்பமிலை எப்பக்கம் அசைகின்றது என்று பிள்ளையைக் கேளுங்கள். அவன் அல்லது அவள் காட்டும் திசையை எதிர்த்து வண்டியைத் திருப்புங்கள். மற்றதை வீதி பார்த்துக்கொள்ளும்.